வால் நீண்ட வண்டி

"இதில் என்ன ஏற்றப் போகிறீர்கள்?" என்றான் லுபோர்.
சொல்வதைவிடக் காட்டுவது எளிது.
பின் இருக்கைகளை மடக்கி
சப்பாத்தைக் கழற்றி வைத்து
ஷோரூம் விளக்கெல்லாம் பார்த்திருக்க
பின்கதவு வழியே ஏறிப் படுத்துவிட்டேன்.
உச்சந்தலை முன்னிருக்கையில் முட்டியது,
குதிகால் பம்பருக்கு வெளியே நின்றது.
நான்கு விரல் குறைவு.
ஒரு தம்பதி என்னைச் சுற்றிக்கொண்டு
அடுத்த காருக்குப் போனார்கள்.
"குறுக்கே படுத்துப் பாருங்களேன்" என்றான் லுபோர்.
அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வாங்கினேன்.

இன்றோடு பதினோரு நாள்.
நிறத்துக்கு அட்டவணையில் போட்ட பேர் மழைக்கல்;
திஷ்னோவ் சாலையில்
நவம்பருக்கு என்ன நிறமோ அதுதான் இதற்கும்.
முன்னால் நின்று பார்த்தால் சின்னக் கார்,
எதிர்வீட்டு ஸ்லாவெனா
பல் வைத்தியரிடம் ஓட்டிப் போவாளே, அதே முகம்.
பக்கவாட்டில் வந்தால்தான் தெரியும்,
வரைந்தவனுக்கு முடிக்க மனசு வராமல்
இன்னும் ஒரு ஜன்னல் இழுத்திருப்பது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.
சிவப்பு விளக்கில் நின்றால் இன்ஜின் தானே அணைகிறது.
முதல் நாள் புர்னோவில், செத்துவிட்டது என்றே நினைத்து
பின்னால் டிராம் மணியடிக்க
இறங்கிப் பானெட்டைத் திறந்தவன் நான்.
முன் இருக்கையில் கருவிப்பெட்டியை வைத்தால்
பெல்ட் போடு, பெல்ட் போடு என்று கத்துகிறது.
போட்டுவிட்டேன்.
இத்தனை வருஷத்தில் வாய்த்த நல்ல துணை:
வழி சொல்வதில்லை, பிரேக்கைப் பார்த்து மூச்சிழுப்பதில்லை.

பழைய காரில், ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்
வாளி கவிழ்ந்து கெண்டை மீன் துள்ளி
இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொண்டது.
மீன் வீடு வந்து சேர்ந்தது; தண்ணீர் வரவில்லை.
பன்னிரண்டு வருஷம் அந்த வாடையோடு ஓட்டினேன்.
இதில் ஒரு வாடையும் கிடையாது.
கதவைத் திறக்கும்போதெல்லாம் மோந்து பார்க்கிறேன்,
ஹோட்டல் அறைக்குள் விட்ட நாய் மாதிரி.

நேற்றுதான் முதல் பாரம்.
மேட்டுத் தேவாலயத்து ஆர்கனிலிருந்து ஒரு குழல்,
ஈயமும் தகரமும் கலந்தது, வாய்ப்பக்கம் நசுங்கியது.
"ஊமை" என்று பதிவேட்டில் எழுதி
யாரோ நாற்பது வருஷம் முன்பு கையெழுத்துப் போட்டிருந்தார்.
ஒரு முனையைப் பாதிரியார் பிடித்துக்கொள்ள
கம்பளி சுற்றி, லுபோர் சொன்னபடி, குறுக்கே.
அடி பின்விளக்கு மூலையில்,
தலை என் முழங்கைக்குப் பக்கத்தில்.
பாதிரியார் காற்றில் ஒரு சிலுவை போட்டார்.
குழலுக்கா காருக்கா என்று கேட்கவில்லை.

இறக்கத்தில் கண்ணாடி வேர்த்தது.
ஜன்னலை இரண்டு விரல் இறக்கினேன்.
எழுபதைத் தொட்டதும்
வண்டிக்குள் எங்கிருந்தோ ஒரு முனகல்.
போச்சு, சக்கரத்து பேரிங்.
பதினோரு நாள்கூடத் தாங்கவில்லையே என்று
லுபோரிடம் பேச வேண்டியதை எல்லாம்
உரக்கப் பேசிப் பார்த்தேன்.
ஐம்பதுக்கு வந்தால் நிற்கிறது,
எழுபதில் மறுபடி.
மூன்றாம் முறைதான் உறைத்தது,
பேரிங் எங்கேயாவது சுருதியில் கத்துமா?

ஊமைதான் பாடியது.
நசுங்கிய வாயைக் கம்பளிக்குள் பொத்திக்கொண்டு
திறந்த தலையால்.
அடித்தொண்டையில், மயிரிழை தாழ்ந்து.
ஜன்னலை அரை விரல் ஏற்றினேன், கரகரத்தது.
கால் விரல் இறக்கினேன், எழுந்து நின்றது.
கதவில் உள்ள அந்தச் சின்னப் பொத்தானை வைத்து
வாழ்க்கையில் முதல் தடவையாக
ஒரு காரைச் சுருதி சேர்த்தேன்.
காது விறைத்துப் போனது.

பட்டறைக்குத் திரும்பும் வளைவு வந்தது, போனது.
அடுத்த ஊரும்.
உருளைக்கிழங்கு லாரிக்காரன் ஒருவன் முந்திப் போகையில்
திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

பெட்ரோல், லுபோர் சொன்ன கணக்கைவிட
கொஞ்சம் கூடுதலாகத்தான் குடிக்கிறது.
அதைக் காரின் தப்பு என்று எழுத முடியாது.